வயலில் விளையும் எரிபொருளும் அரசின் ஆராய்ச்சிப் பணமும்

இன்று போத்தனூரில் வண்டிக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் நிரப்பினால், அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததன்று; வயலில் விளைந்தது. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்து, நீரை முற்றிலும் நீக்கிப் பெறும் எத்தனால் அது. தமிழில் எரிசாராயம் என்பர். சாராயம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது வாகனத்திற்கு மட்டுமே உரியது.

2003-ஆம் ஆண்டு ஒன்பது மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று தொடங்கிய இக்கலப்பு, 2022-இல் பத்துப் பங்காகவும், 2025-இல் இருபது பங்காகவும் உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கும் கச்சா எண்ணெயின் அளவு குறைகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் விரைவில் கிடைக்கிறது என்பன அரசாங்கம் கூறும் காரணங்கள். 'முன்பு போல் மைலேஜ் கொடுப்பதில்லை' என்று வீட்டில் பெரியவர்கள் குறைப்பட்டுக் கொள்வதையும் மாணவியர் கேட்டிருக்கலாம். அதிலும் உண்மை உண்டு. ஒரு லிட்டர் எத்தனால் தரும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இருபது பங்குக் கலப்புக்கென வடிவமைக்கப்படாத கார்களில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையக்கூடும் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே கூறியது.

கலக்கலாம், இவ்வளவு கலக்கலாம், கலந்தால் இன்னது நேரும் என்பதையெல்லாம் யாரேனும் ஆராய்ந்து சொல்ல வேண்டுமல்லவா? அந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி நம் நாட்டில் அரசாங்கத்தின் பணத்தில், அதாவது நாம் தீப்பெட்டி முதல் சோப்பு வரை வாங்கும்போது செலுத்தும் வரிப் பணத்தில் நடைபெறுகிறது. அப்பணம் எவ்வாறு செலவிடப்படுகிறது, எப்போது பலன் தருகிறது, எப்போது தருவதில்லை என்பதை அறிய நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டும் கோயம்புத்தூரிலேயே நடந்திருக்கின்றன.

முதலில் பலன் தந்த கதையைப் பார்ப்போம்.

1912-ஆம் ஆண்டு கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வீரகேரளம் பக்கம் சென்றவர்கள் அதனைப் பார்த்திருப்பார்கள். அக்காலத்தில் கரும்பு மிகுதியாகப் பயிரானது வட இந்தியாவில். அவ்வாறிருக்க, ஆராய்ச்சி நிலையத்தை ஏன் தெற்கே கோவையில் வைத்தார்கள்? கரும்பு பூக்க வேண்டும் என்பதே காரணம். பூத்தால்தான் ஓர் இனத்தின் மகரந்தத்தை மற்றோர் இனத்தின் பூவில் சேர்த்துப் புதிய இனத்தை உண்டாக்க முடியும். வடக்கே குளிரில் கரும்பு எளிதில் பூத்து விதை பிடிப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வழியே வரும் ஈரக்காற்றும், மிதமான வெப்பமும் கொண்ட நம் ஊரிலோ அது தாராளமாகப் பூக்கிறது. இன்றும் இந்தியாவின் பல மாநிலங்களிலுள்ள கரும்பு ஆராய்ச்சியாளர்கள் பூக்கும் பருவத்தில் கோவைக்கு வந்து, இங்குள்ள தேசியக் கலப்பினத் தோட்டத்தில்தான் தங்கள் இனங்களை ஒட்டிச் செல்கின்றனர்.

சி. ஏ. பார்பர் என்ற ஆங்கிலேயரும், டி. எஸ். வெங்கட்ராமன் என்ற தமிழரும் அங்குப் பணியாற்றினர். 'வெள்ளை' என்ற பெயருடைய, சாறு மிகுந்த பருத்த கரும்பையும், ஆற்றோரங்களில் தானாக வளரும் மெலிந்த பேய்க்கரும்பையும் அவர்கள் இணைத்தார்கள். ஒன்றில் இனிப்பு இருந்தது, மற்றொன்றில் எதையும் தாங்கும் வலிமை இருந்தது. புல்லைப் போய்க் கரும்புக்குச் சம்பந்தம் பேசுவதா என்று எவரேனும் சிரித்திருக்கவும் கூடும். ஆயினும் இரண்டின் குணத்தையும் பெற்ற 'கோ 205' என்ற இனம் 1918-இல் வெளியாகிப் பஞ்சாபில் பரவி, அங்கிருந்த பழைய இனங்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைச்சலைத் தந்தது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் முதலெழுத்து. அதன்பின் வந்த கோ இனங்கள் கடல் கடந்து பல நாடுகளிலும் பயிராயின. 2009-இல் இந்நிலையத்தின் கர்னால் கிளை தந்த 'கோ 0238' உத்தரப் பிரதேசத்தின் கரும்பு வயல்களில் பெரும்பாலானவற்றை நிறைத்தது. பிற்காலத்தில் செவ்வழுகல் நோய் அதனைத் தாக்கவே, மாற்று இனங்களைத் தேடும் வேலை மீண்டும் தொடங்கிவிட்டது. பயிர் ஆராய்ச்சியில் முடிந்தது என்று எதையும் எழுதி மூட முடியாது.

ஆராய்ச்சியில் ஈடுபட நினைக்கும் மாணவியர் இந்நிலையத்தோடு சேர்த்து ஒரு பெயரை நினைவில் கொள்ளலாம். தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை பெற்றுப் படித்து, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு நிலையத்தில் பணியாற்றினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூட இணைத்துப் பார்த்தார்! அந்தக் கலப்புகள் வயலுக்கு வரவில்லை. ஆனால் கரும்பின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் அவருடைய பங்கு பெரிது. 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1984-இல் மறைந்தார்.

இக்கதையில் கவனிக்க வேண்டியது காலம். 1912-இல் கரும்பு நிலையத்திற்குப் பணம் ஒதுக்கியவர்களில் ஒருவருக்கும் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது. சர்க்கரைக்காகச் செய்த முதலீடு அது. ஒரு டன் கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு பத்து லிட்டர் அளவுக்கு எத்தனால் தரும். சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் எழுபது லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். நூறு ஆண்டுகளாகச் சேர்த்த அறிவு இருந்ததால்தான், 2000-க்குப் பிறகு அரசு எத்தனால் வேண்டுமென்றபோது கரும்பு வயல்கள் அதனைத் தர முடிந்தது.

இனி, அதே கோவையில் நடந்த மற்றொரு கதைக்கு வருவோம்.

1973-இல் கச்சா எண்ணெயின் விலை திடீரென்று பல மடங்கு ஏறியது. உலகமே திகைத்தது. பிரேசில் நாடு 1975-இல் கரும்பு எத்தனாலைப் பெட்ரோலுக்குத் துணையாக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா 1981-இல் கூடுதல் எரிசக்தி ஆதாரங்களுக்கான ஆணையத்தையும், 1982-இல் மரபுசாரா எரிசக்தித் துறையையும் அமைத்தது. அத்துறைதான் 1992-இல் தனி அமைச்சகமாகி, 2006-இல் புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் என்று பெயர் மாறியது. பல்கலைக்கழகங்களுக்கும் இத்துறையில் ஆராய்ச்சிப் பணம் வரத் தொடங்கியது.

சைதாப்பேட்டையில் 1868-இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்கு இடம் மாறி, 1971-இல் பல்கலைக்கழகமான நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இப்பணியில் இறங்கியது. அதன் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியில் இன்று புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்றே ஒரு துறை உள்ளது. சாண எரிவாயு, விறகையும் உமியையும் வாயுவாக்கும் கலன்கள், புகை குறைந்த அடுப்புகள் எனக் கண்ணுக்கு எளிமையாகத் தோன்றும் பொருள்களே இத்தகைய துறைகளின் ஆராய்ச்சிப் பொருள்கள். சாண எரிவாயு என்பது எளிய அறிவியல்தான்: காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து விட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன. நாளொன்றுக்கு ஐம்பது கிலோ சாணம், அதாவது நான்கைந்து மாடுகள் இருந்தால், ஐந்து பேர் உள்ள வீட்டுச் சமையலுக்குப் போதும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் 1939-இல் இதனைச் சோதித்தார். அதிலிருந்து, இரும்பு மூடி துருப்பிடிக்கும் தொல்லையின்றி, செங்கல்லாலேயே கட்டி முடிக்கும் மலிவான 'தீனபந்து' தொட்டி 1984-இல் வரும்வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. இதற்கும் பொறுமை வேண்டியிருந்தது.

பொறுமை இல்லாமற் போனது காட்டாமணக்கின் விஷயத்தில்தான்.

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. பொள்ளாச்சிப் பக்கத்து வயல்களில் விளையும் அதே நிலக்கடலைதான்! தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடும் என்பது, ஆக, பழைய செய்தி. ஆனால் சமையலுக்கே எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடு நாம். ஆகவே உண்ண முடியாத எண்ணெய் தேவைப்பட்டது. வேலியோரங்களில் வளரும், ஆடுமாடு கடிக்காத, விதையில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் எண்ணெய் உள்ள காட்டாமணக்கின் மீது எல்லோருடைய பார்வையும் விழுந்தது. தரிசு நிலத்தில் வளரும், தண்ணீர் வேண்டாம், கவனிப்பு வேண்டாம், ஏழை விவசாயிக்கு வருமானம் வரும் என்றெல்லாம் சொல்லப்பட்டது. திட்டக் கமிஷன் 2003-இல் வெளியிட்ட அறிக்கை, 2011-12-க்குள் டீசலில் நூற்றுக்கு இருபது பங்கு இவ்வெண்ணெயைக் கலக்கும் அளவுக்குப் பயிரிடலாம் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டிலும் நாற்றுகளுக்கு மானியம் தரப்பட்டது. கோவை மாவட்டத்திலும் விவசாயிகள் நட்டார்கள்.

விளைந்ததா? பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தையும் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றையும் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விவசாயிகளைச் சந்தித்து, 2010-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகமிகக் குறைவு. நடைமுறையில் இது கட்டுப்படியாகாத பயிர். கொஞ்சமாவது தேற வேண்டுமானால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நட்டம் அதிகம் பாதித்தது ஏழை விவசாயிகளையே என்பது அம்முடிவின் சாரம். கிணறு வைத்திருப்பவர் பிழைத்துக் கொள்வார். மானாவாரி நிலம் மட்டுமே உள்ளவர் மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பிறகு செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான். அந்த ஆண்டுகளில் அதே நிலத்தில் சோளமோ நிலக்கடலையோ போட்டிருந்தால் வீட்டுக்கும் மாட்டுக்குமாவது ஆகியிருக்கும். டீசலில் தாவர எண்ணெய்க் கலப்பு இந்தியாவில் இன்றுவரை நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

இதனைக் காட்டாமணக்கின் குற்றம் என்று சொல்வது பொருந்தாது. கரும்புக்குக் கோ 205 வருவதற்கே ஆறு ஆண்டுகள் ஆயின. அதன்பின் நூறாண்டு உழைப்பு. காட்டாமணக்கோ, எவரும் தேர்ந்தெடுத்துப் பண்படுத்தாத காட்டுச்செடி. ஒரு செடி காய்த்துத் தள்ளும், பக்கத்துச் செடி வெறுமனே நிற்கும். எந்த விதை, எந்த மண், எவ்வளவு நீர் என்பவற்றை ஆராய்ச்சி வயலில் பத்தாண்டுகள் பார்த்தபின் விவசாயியிடம் கொடுத்திருக்க வேண்டும். இங்கே ஆராய்ச்சியும் பரப்புதலும் ஒன்றாகவே புறப்பட்டன. உண்மையைச் சொன்னால், பரப்புதல் ஓரடி முன்னே சென்றுவிட்டது. மேட்டுப்பாளையத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியில் காட்டாமணக்கையும், தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கும் சிவப்புப் பூவுடைய அதன் உறவுச் செடியையும் இணைத்துக் கலப்பினங்களை உண்டாக்கினார்கள். நல்ல முயற்சிதான். விவசாயிகள் நாற்று வாங்குவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்திருக்குமானால்!

பணம் கொடுக்கும் முறையும் இதற்கு ஓரளவு காரணம் என்பது என் கருத்து. இன்று ஒரு பேராசிரியர் ஆராய்ச்சி செய்ய விரும்பினால், என்ன செய்யப்போகிறார், எவ்வளவு செலவாகும், எத்தனை மாதத்தில் முடிப்பார் என்று விரிவாக எழுதி அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கோ, உயிரித் தொழில்நுட்பத் துறைக்கோ, வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவிற்கோ விண்ணப்பிக்கிறார். அத்துறையின் வல்லுநர்கள் அதனைப் படித்து ஏற்கின்றனர் அல்லது தள்ளுகின்றனர். ஏற்கப்பட்டால் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குத் தவணைகளில் பணம் வரும். முந்தைய தவணையைச் செலவழித்ததற்குச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. பொதுப் பணத்திற்குக் கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால் காட்டாமணக்குச் செடி சரியாகக் காய்க்கத் தொடங்குவதற்கே மூன்று ஆண்டுகள் ஆகும். செடி காய்க்கும் நேரத்தில் திட்டம் முடிந்து, அதில் வேலை பார்த்த இளம் ஆய்வாளர் வேறு வேலை தேடிப் போயிருப்பார். கரும்பு நிலையத்திற்கு இந்தத் தொல்லை இல்லை. அது நிரந்தர நிலையமாக இருந்தபடியால் தந்தை நட்டதை மகன் அறுத்தது போல ஆராய்ச்சி தொடர்ந்து நடந்தது.

அண்மைச் செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023-இல் மழை பொய்த்துக் கரும்பு குறையும் என்று அஞ்சி, அவ்வாண்டு டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா, 2024-இல் அதனை இறக்குமதி செய்ய நேர்ந்தது. பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கோழிப் பண்ணை வைத்திருப்போர் தீவனச் செலவு ஏறியதை உணர்ந்தார்கள். மாணவியரில் சிலருடைய வீடுகளிலும் இப்பேச்சு எழுந்திருக்கலாம். பெட்ரோல் டாங்கிக்குப் போகும் மக்காச்சோளம், முட்டையின் விலையில் வந்து நிற்கிறது.

இந்தச் சிக்கலிலிருந்து மீள, உணவாகாத வைக்கோல், சக்கை, தட்டு ஆகியவற்றிலிருந்து எத்தனால் எடுக்க முயல்கிறார்கள். வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அது மரநாருக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. அப்பூட்டைத் திறக்கும் நொதிகளை மலிவாகத் தயாரிப்பதுதான் கடினம். உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியுடன் மும்பை வேதித் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கென ஓர் ஆராய்ச்சி மையம் 2008 முதல் இயங்குகிறது. இத்தகைய ஆலைகளுக்காக 2019-இல் மத்திய அரசு 1,969 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அறிவித்தது. 2022 ஆகஸ்டில் அரியானாவின் பானிப்பட்டில், நெல் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எத்தனால் எடுக்கும் திறனுள்ள ஆலை திறக்கப்பட்டது. ஆலையைக் கட்டுவது ஒரு வேலை. நாள்தோறும் முழுத் திறனில் கட்டுப்படியாகும் விலைக்கு ஓட்டுவது மற்றொரு வேலை. இரண்டாவதற்குத்தான் ஆய்வுக்கூடங்களில் இன்னும் விடை தேடுகிறார்கள்.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்றால் எரிபொருள் மட்டுமன்று. உடுமலை, பல்லடம் சாலைகளில் செல்லும்போது நாம் காணும் காற்றாலைகளுக்கும் ஒரு பெண்மணிக்கும் தொடர்பு உண்டு. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அன்னா மாணி, இந்திய வானிலைத் துறையில் உயர்ந்த பதவி வகித்து 1976-இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. மரபுசாரா எரிசக்தித் துறையின் பணத்தில், நாடெங்கும் கம்பங்கள் நட்டு, காற்று எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறதென்று அளக்கும் பணியை அவர் பெங்களூரில் இருந்தபடி நடத்தினார். முதலில் அளந்தார்கள், பிறகு ஆலை நட்டார்கள். காட்டாமணக்கில் நடக்காதது இங்கே நடந்தது. 1986-இல் தூத்துக்குடி அருகே சிறிய காற்றாலைகளோடு தொடங்கிய தமிழ்நாடு, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைத் திறனைப் பெற்றிருக்கிறது.

மொத்தத்தில் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது அதிகமில்லை. 2020-21-இல் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 64 காசுதான் ஆராய்ச்சிக்குச் சென்றது. தென் கொரியாவில் இது ஐந்து ரூபாயை நெருங்குகிறது. 2023-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்துள்ள அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாயைத் திரட்டிப் பல்கலைக்கழகங்களுக்கும் வழங்கும் நோக்குடையது. அதில் 14,000 கோடி அரசினுடையது. எஞ்சியது தொழில் நிறுவனங்களிடமிருந்தும் நன்கொடையாளர்களிடமிருந்தும் வர வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. பெண்ணை மேலும் மேலும் படிக்க வைத்தால் செலவுக்கு எங்கே போவது என்ற கவலை இயல்பானது. முதுகலை முடித்து, தேசியத் தகுதித் தேர்வு போன்ற தேர்வுகளில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறும் மாணவிக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தால் 42,000 ரூபாயும் உதவித்தொகை என்று மத்திய அரசு நிர்ணயித்துள்ளது. வீட்டு வாடகைப்படி தனி. இயற்பியல், வேதியியல், தாவரவியல், வேளாண்மை ஆகிய எந்த வழியிலிருந்தும் எரிசக்தி ஆராய்ச்சிக்கு வரலாம். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று வீட்டில் பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசுங்கள்.